பழைய ட்யூப் ஆம்ப்பைக் குறைந்த விலையில் வாங்குவது எப்படி? கிட்டார் வாசிப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

பழைய ட்யூப் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் ட்யூப், அதாவது வால்வ் எனும் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் ஆம்ப்ளிபையர்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ட்யூப் எல்லாம் எப்படி இருக்கு?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய பைக்குக்கு டயர் எப்படியோ, ஆம்ப்புக்கு ட்யூப் அப்படி, தேயும், மாற்றிக்கொள்ளலாம். உங்கள் காசு உண்மையில் போவது மூன்று பொருள்களுக்கு: வீட்டு மின்சாரத்தை ஆம்ப்புக்கு ஏற்றபடி மாற்றும் பவர் ட்ரான்ஸ்பார்மர், ட்யூபையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர். இவை மூன்றும் நன்றாக இருந்தால் மற்ற கோளாறுகளைச் சரிசெய்வதற்கு ஒரு கணக்கு போட்டுவிடலாம். இவற்றில் ஒன்று போயிருந்தால், மலிவு என்று நினைத்து வாங்கிய ஆம்ப் கடையில் புதிதாக வாங்குவதைவிடச் செலவு வைத்துவிடும்.

பழைய ட்யூப் ஆம்ப் ஏராளமாகப் புழங்குகிற சந்தை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வருகிற மாடல்களும் அங்கே எளிதாகக் கிடைப்பவை. அங்கிருந்து சென்னைக்கோ கோவைக்கோ கொண்டுவர நினைப்பவர்களுக்கு மின்சாரம் பற்றித் தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறேன். மற்றதைப் படிக்காவிட்டாலும் அதைப் படிக்காமல் பிளக்கைச் சொருக வேண்டாம்.

முதல் படி: எத்தனை வாட்?

வாட் கூடினால் சத்தமும் அதே அளவு கூடும் என்பது தவறான எண்ணம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். அதாவது 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம்தான் போடும். 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே 5 டெசிபல்கூட இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். ட்யூப் ஆம்ப்பின் அந்தக் கனிந்த ஓவர்டிரைவ், பவர் ட்யூப்களும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரும் உழைக்கத் தொடங்கும்போதுதான் வரும். 40 வாட் ஆம்ப்பில் அந்த இடத்தை எட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். அபார்ட்மென்டில் வாசிப்பவருக்கு 5 வாட்டே அதிகம். டிரம்மரோடு சேர்ந்து ஓவர்டிரைவில் வாசிக்க 15 வாட் போதும். டிரம்மர் இருக்கும்போதும் ஒலி உடையாமல் சுத்தமாக வேண்டும் என்பவர்கள்தான் 30, 40 வாட் பக்கம் போக வேண்டும். பழைய பொருள் சந்தையில் பெரிய ஆம்ப்கள் சில சமயம் சின்ன ஆம்ப்களைவிட மலிவாகக் கிடைப்பதற்கும் இதுவே காரணம். வாங்கியவர்களால் அவற்றை வீட்டில் திறந்து வாசிக்க முடிவதில்லை.

இரண்டாம் படி: அது ட்யூப் ஆம்ப்தானா?

விளம்பரத்தில் "ட்யூப் ஆம்ப்" என்று போட்டிருப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ப்ரீஆம்ப் ட்யூப் ஒன்றே ஒன்று இருக்கும். ப்ரீஆம்ப்பில் (கிட்டாரின் சிறிய சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) மட்டும் ட்யூபும் பவர் பகுதியில் ட்ரான்சிஸ்டரும் வைத்த கலப்பு ஆம்ப்கள் நிறைய உண்டு. 1990களில் வந்த மார்ஷல் வால்வ்ஸ்டேட் வரிசை அந்த வகைதான். அவை மோசமான ஆம்ப்கள் அல்ல. ஆனால் முழு ட்யூப் ஆம்ப்பின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கண்டுபிடிக்க எளிய வழி: பவர் ட்யூப்களைத் தேடுங்கள். இஎல்84, 6வி6, 6எல்6, இஎல்34 ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கூடவே சேஸிஸில் (எல்லாம் பொருத்தப்பட்ட உலோகத் தட்டு) இரண்டு ட்ரான்ஸ்பார்மர் தெரிய வேண்டும்; பெரியது பவருக்கு, சற்றுச் சிறியது அவுட்புட்டுக்கு. விதிவிலக்கும் உண்டு. பிளாக்ஸ்டார் எச்டி-5 மாடலில் பவர் வேலையைச் செய்வது 12பிஎச்7 என்ற சின்ன ட்யூப். பார்த்தால் ப்ரீஆம்ப் ட்யூப் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் உண்டு, பவர் பகுதி ட்யூபில்தான் ஓடுகிறது. ஆகவே குழப்பம் வந்தால் ட்ரான்ஸ்பார்மரை எண்ணுங்கள்.

மூன்றாம் படி: எந்த மாடல்களைத் தேடலாம்

குறைந்த காசுக்கு நல்ல தொடக்கம் என்றால் எபிஃபோன் வால்வ் ஜூனியர். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, ஒரே ஒரு வால்யூம் நாப், 5 வாட். ட்ரெபிள், பேஸ் எதுவும் கிடையாது. கிட்டாரின் வால்யூமையும் டோனையும் வைத்தே எல்லா ஒலியும் எடுக்கப் பழக வேண்டும். அது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. முதலில் வந்தவற்றில் ஹம் சத்தம் அதிகம், பின்னால் வந்தவற்றில் அதைக் குறைத்துவிட்டார்கள். உள்ளே மிக எளிய சர்க்யூட் என்பதால் எந்த டெக்னீஷியனும் அலுத்துக்கொள்ளாமல் கையில் எடுப்பார்.

2007ல் மீண்டும் வெளிவந்த ஃபெண்டர் சாம்பியன் 600ம் 5 வாட்தான், ஆனால் 6வி6 ட்யூப். அதன் 6 அங்குல ஸ்பீக்கர் டப்பாவுக்குள் பேசுவது போல ஒலிக்கும். அதே ஆம்ப்பை ஓம் அளவு (ஸ்பீக்கரின் மின்தடை) பொருந்தும் 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட்டில் இணைத்துக் கேட்டால் வேறு ஆம்ப்போ என்று தோன்றும். ஆகவே ஸ்பீக்கர் பிடிக்கவில்லை என்று அந்த ஆம்ப்பை ஒதுக்கிவிடாதீர்கள். வாக்ஸ் ஏசி4டிவி மாடலில் 4 வாட், 1 வாட், கால் வாட் என்று குறைத்துக்கொள்ளும் ஸ்விட்ச் இருக்கிறது. வீட்டில் வாசிப்பவருக்கு அது வரம்.

பேண்டோடு வாசிக்கத் தொடங்குகிறவருக்கு ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். 1995லிருந்து வருகிறது; 15 வாட், இரண்டு இஎல்84, 12 அங்குல ஸ்பீக்கர், எடை சுமார் 14 கிலோ. இத்தனை வருடமாக விற்றதில் ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு எப்போதும் விற்பனைக்கு இருக்கும். அதனால் அவசரப்பட வேண்டியதில்லை. ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது வரும். பீவி கிளாசிக் 30 மாடலில் நான்கு இஎல்84. ஆகவே பவர் ட்யூப் மாற்றும் செலவும் ப்ளூஸ் ஜூனியரைப் போல இரண்டு மடங்கு. அதன் சர்க்யூட் போர்டு மூன்று துண்டாக மடக்கி வைக்கப்பட்டு, நடுவே வெறும் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பிகள் தளர்ந்தால் ஒலி விட்டு விட்டு வரும். செலவு அதிகமில்லாத வேலை, ஆனால் பழகிய கை வேண்டும்.

ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் 40 வாட், இரண்டு 6எல்6. எங்கும் கிடைக்கும். இதில் குறைந்த மின்னழுத்தப் பகுதிக்கான இரண்டு 5 வாட் ரெசிஸ்டர்கள் நன்றாகச் சூடாகி, அவற்றின் சால்டர் விரிசல் விடுவது எல்லா டெக்னீஷியனுக்கும் தெரிந்த விஷயம். சேனல் மாறவில்லை, ரிவெர்ப் வேலை செய்யவில்லை என்று யாராவது மலிவாக விற்றால், அநேகமாக அந்த இரண்டு ரெசிஸ்டர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இந்தப் பட்டியலில் கடைசியாக வருகிறது. டொராண்டோவில் 1963ல் பீட் ட்ரேனரும் ஜாக் லாங்கும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் ட்ரேனர் ஆம்ப்கள். தடித்த ட்ரான்ஸ்பார்மர், முரட்டுப் பெட்டி. ஒய்பிஏ-1 பேஸ் மாஸ்டர் பெயரில் பேஸ் ஆம்ப்; சர்க்யூட்டோ ஃபெண்டர் பேஸ்மேன், பழைய மார்ஷல் ஆகியவற்றின் நெருங்கிய சொந்தம். கிட்டாரை இணைத்தால் அது தெரியும். ஒய்ஜிஎம்-3 கிட்டார் மேட், இரண்டு இஎல்84ல் ஓடும், ரிவெர்ப்பும் ட்ரெமலோவும் உள்ள காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). அதே காலத்து ஃபெண்டர், மார்ஷல் பெயர்ப் பலகைக்குக் கொடுக்க வேண்டிய விலை இவற்றுக்கு இல்லை. டொராண்டோ பக்கம், ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ இருக்கிற தமிழர்களுக்கு இவை உள்ளூர்ச் சரக்கு. கிஜிஜி விளம்பரத் தளத்தில் அடிக்கடி கண்ணில் படும். பழையது பயமாக இருந்தால் அதே நிறுவனத்தின் பிற்கால ஒய்சிவி வரிசையைப் பாருங்கள்.

ஃபெண்டர் சில்வர்ஃபேஸ் சாம்ப் போன்றவை ஒரு காலத்தில் ஏழை வாசிப்பாளரின் ஆம்ப். இன்று சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டது. "மலிவு" என்று யாராவது கொடுத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

நான்காம் படி: விளம்பரத்தைப் படிப்பது

கேட்கிற விலையைப் பார்த்து சந்தை விலையை முடிவு செய்யாதீர்கள். ஈபே, இசைக்கருவிகளுக்கான ரிவெர்ப் ஆகிய இரண்டு இணையதளங்களிலும் விற்று முடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பார்க்க முடியும். அந்த விலைதான் விலை.

பிறகு வாசகங்கள். "ட்யூப் மட்டும் மாற்றினால் போதும்" என்று எழுதியிருந்தால், அந்த வேலையை விற்பவரே ஏன் செய்யவில்லை என்பது கேள்வி. "ப்யூஸ் மட்டும் போயிருக்கிறது" இன்னும் மோசம். ப்யூஸ் சும்மா போவது அபூர்வம். பவர் ட்யூப் ஷார்ட் ஆகியிருக்கலாம், அது சின்னச் செலவு; பவர் ட்ரான்ஸ்பார்மர் போயிருக்கலாம், அது பெரிய செலவு. இரண்டுக்கும் நடுவே சூதாட வேண்டாம். "சோதித்துப் பார்க்க என்னிடம் கிட்டார் இல்லை" என்பதை ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போகும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. பின்பக்கத்தின் தெளிவான படம். பிளக்கில் இரண்டு முனையா மூன்று முனையா. ஸ்பீக்கரும் ட்ரான்ஸ்பார்மரும் ஆரம்பத்தில் வந்தவையா, மாற்றியவையா. கடைசியாக யார், எப்போது சர்வீஸ் செய்தார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: நான் வரும்வரை ஆம்ப்பைப் போட்டு வைக்காதீர்கள். சில கோளாறுகள் குளிர்ந்த ஆம்ப்பை முதல் தடவை போடும்போது மட்டுமே தெரியும், சில சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். உங்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

கை வைக்கும் முன்: உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்

ட்யூப் ஆம்ப்புக்குள் 300 வோல்ட்டிலிருந்து 450 வோல்ட்டுக்கு மேலும் நேர் மின்னழுத்தம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ட்யூபைக் கழற்றி மாட்டலாம். சேஸிஸைக் கழற்றி உள்ளே விரல் விடக் கூடாது. அது தெரிந்தவர் வேலை.

1960களின் கடைசி வரை வந்த பல அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு முனை பிளக்தான் இருந்தது. மெயின்ஸ் (வீட்டு மின்சார) கம்பி ஒன்றுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேஸிஸில் மின்சாரம் வரும். சேஸிஸிலிருந்து கேபிளின் வெளிக்கம்பி, அங்கிருந்து கிட்டார் பிரிட்ஜ், அங்கிருந்து உங்கள் விரல். கிட்டாரைப் பிடித்தபடி எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட ஆம்ப்பை வாங்கலாம், ஆனால் மூன்று முனைக் கம்பி போட்டு அந்தக் கெபாசிட்டரை எடுத்த பிறகுதான் வாசிக்க வேண்டும். பெரிய செலவில்லை.

வாங்கவே கூடாத ஒரு வகை உண்டு: பவர் ட்ரான்ஸ்பார்மரே இல்லாமல் நேரடியாக மெயின்ஸில் ஓடும் சின்ன ஆம்ப்கள். 1950, 60களில் தொடக்க வாசிப்பாளர்களுக்காக மலிவாகச் செய்தவை. 50சி5, 35டபிள்யூ4 போன்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் அந்த வகை. பார்க்க அழகாக இருக்கும், விலையும் மிகக் குறைவாக இருக்கும். மெயின்ஸிலிருந்து ஆம்ப்பைப் பிரிக்கும் (ஐசொலேஷன்) ட்ரான்ஸ்பார்மர் போடாமல் தொடாதீர்கள். நம் ஊரில் பழைய வால்வ் ரேடியோவை கிட்டார் ஆம்ப்பாக மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. யுஎல்84, யுசிஎல்82 என்று யு எழுத்தில் தொடங்கும் வால்வ்கள் கொண்ட ஏசி/டிசி ரேடியோக்களில் சேஸிஸ் நேராக மெயின்ஸோடு இணைந்திருக்கும்.

இன்னொன்று உயிரைப் பற்றியதல்ல, ஆம்ப்பைப் பற்றியது. ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்ப்பைப் போட்டு வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) மட்டும் விற்பவர், "லைட் எரியுது பாருங்க" என்று ஸ்பீக்கர் இல்லாமல் போட்டுக் காட்டினால் தடுத்து நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் ஓம் அளவு, ஆம்ப்பின் பின்னால் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும்.

ஐந்தாம் படி: நேரில் சோதிப்பது

எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் கிட்டார், நல்ல கேபிள், டார்ச், பென்சில், மல்டிமீட்டர், முடிந்தால் நன்றாக வேலை செய்யும் ஒரு 12ஏஎக்ஸ்7. எஃபெக்ட்ஸ் பெடல் வேண்டாம். பெடல் பலவற்றை மறைத்துவிடும்.

ஆம்ப்பைப் போடுவதற்கு முன் மூக்கை வையுங்கள். ட்ரான்ஸ்பார்மர் எரிந்த வாசனை வருடக்கணக்கில் போகாது. தார் கருகியது போல இருக்கும். டார்ச் அடித்து ட்ரான்ஸ்பார்மரின் ஓரங்களைப் பாருங்கள், மெழுகு உருகி வழிந்த தடம் இருக்கிறதா என்று. பழைய ஃபெண்டராக இருந்தால் பெரும்பாலும் ட்ரான்ஸ்பார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருக்கும். 606 என்பது ஷூமாக்கர் நிறுவனத்தின் குறி. அடுத்து வருவது வருடத்தின் கடைசி இலக்கமும் வாரமும். 1960களின் ஆம்ப்பில் 606832 என்றால் 1968ன் 32ஆம் வாரம். ஸ்பீக்கரிலும் இதே முறைதான்: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்போர்ட், 67 எமினன்ஸ், 137 சிடிஎஸ். ஆம்ப்பின் வயதும் இந்தத் தேதிகளும் பத்து வருடம் விலகி நின்றால் ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் குற்றம்.

ப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். பின்பலகையில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவும் ப்யூஸில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ப்யூஸோ, சுற்றிவைத்த வெள்ளித்தாளோ இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டும், அது சரி. எதுவும் காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது. கோனின் நடுவட்டத்துக்கு இருபுறமும் விரல்களை வைத்து மெதுவாக, நேராக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்த் திரும்ப வேண்டும். மணல் உரசுவது போலக் கேட்டால் அந்தச் சுருள் காந்தத்தில் உரசுகிறது. பார்த்து முடித்ததும் இணைப்பைத் திரும்ப மாட்டிவிட்டீர்களா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

இனி ஆம்ப்பைப் போடலாம். வால்யூம் எல்லாம் பூஜ்யத்தில். ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் இருந்தால் அரை நிமிடம் ட்யூப்களைச் சூடேறவிட்டு, பிறகு ஸ்டாண்ட்பையிலிருந்து எடுங்கள். அறை விளக்கை அணைக்கச் சொல்லி, பின்பக்கம் உட்கார்ந்து ட்யூப்களைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் மின்னுவது ஹீட்டர், அப்படித்தான் இருக்கும். கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினாற்போல் மெல்லிய நீலம் தெரிந்தாலும் பயமில்லை. பார்க்க வேண்டியது பவர் ட்யூபுக்குள் இருக்கும் சாம்பல் நிற உலோக உறை. அதன் ஒரு பக்கத்தில் சின்னப் புள்ளியாகத் தொடங்கி மங்கிய சிவப்பு பரவினால் உடனே அணையுங்கள். பயஸ் (ட்யூபில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைக்கும் அளவு) போயிருக்கிறது, அல்லது முந்தைய ட்யூபிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் ஒன்று கசிகிறது, அல்லது ட்யூபே கெட்டிருக்கிறது. அந்த நிலையில் விட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மருக்கே ஆபத்து.

சிவப்பு இல்லையென்றால் காதைக் கொடுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே உரக்க ஹம் வந்தால், அது தாழ்ந்த முனகலா, கொஞ்சம் உயர்ந்த ரீங்காரமா என்று கவனியுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம் (நம் ஊரில் 100) என்றால் பெரும்பாலும் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. 15, 20 வருடம் தாண்டிய ஆம்ப்பில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். விலை குறைக்க நல்ல காரணம், வாங்காமல் இருக்கக் காரணம் அல்ல.

ஒவ்வொரு நாபையும் முழுதாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் காண்டாக்ட் க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். கிட்டாரைச் சொருகி, வால்யூமைப் பாதிக்கு வைத்து, பென்சிலின் மரப்பக்கத்தால் ஒவ்வொரு ட்யூபையும் மெல்லத் தட்டுங்கள். இன்புட்டுக்கு அருகில் இருக்கும் முதல் ட்யூபில் கொஞ்சம் "டிங்" கேட்பது இயல்பு. மணி அடித்தது போல நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ அந்த ட்யூபை மாற்ற வேண்டும். உங்கள் கையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7க்கு இப்போதுதான் வேலை: ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, சந்தேகப்படும் ட்யூபின் இடத்தில் மாட்டிப் பாருங்கள். விற்பவரோடு அரை மணி நேர வாக்குவாதத்தை அது மிச்சப்படுத்தும்.

பிறகு வாசியுங்கள். முதலில் ஆறாவது கம்பியைத் திறந்துவிட்டு ஓங்கி அடியுங்கள். ஸ்பீக்கர் படபடக்கிறதா, பெட்டியில் ஏதாவது தளர்ந்து அதிர்கிறதா? அடுத்து மேல் ஃப்ரெட்களில் ஒற்றைச் சுரங்களை நீட்டிப் பிடியுங்கள். நீங்கள் வாசிக்கும் சுரத்துக்கு அடியில், சுருதியில் சேராத இன்னொரு மெல்லிய சுரம் நிழல் போல வந்தால் அதுவும் ஃபில்டர் கெபாசிட்டர் வேலைதான். இன்புட் ஜாக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். ரிவெர்ப், ட்ரெமலோ, சேனல் ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடமாவது விடாமல் வாசிக்க வேண்டும். சூடேறச் சூடேற ஒலி தேய்கிறதா, வெடிப்புச் சத்தம் வருகிறதா, வாசனை மாறுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் "போதுமா?" என்று அவசரப்படுத்துகிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: விலைக் கணக்கு

நன்றாக ஓடும் அதே மாடல் என்ன விலைக்கு விற்றது என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அதிலிருந்து நீங்கள் கண்டுபிடித்த வேலைகளின் செலவைக் கழியுங்கள். கழித்துவந்த தொகைதான் நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்சம். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போனால் ஏறக்குறைய இந்த வரிசை: நாப், ஜாக் சுத்தம், மூன்று முனைக் கம்பி, ப்ரீஆம்ப் ட்யூப், பவர் ட்யூப், ஃபில்டர் கெபாசிட்டர், ஸ்பீக்கர், அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், பவர் ட்ரான்ஸ்பார்மர். கடைசி இரண்டில் ஒன்று சந்தேகம் என்றால், மலிவு ஆம்ப்பைப் பொறுத்தவரை பேரமே பேசாமல் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டெக்னீஷியன் கூலியையும் சேர்த்தால் ஆம்ப்பின் விலையைத் தாண்டிவிடும்.

"உள்ளே இருப்பது ஒரிஜினல் முல்லார்ட்" என்று விலையை ஏற்றுவார்கள். முல்லார்ட், டங்சோல் என்ற பழைய பெயர்களில் இன்றும் ரஷ்யாவின் சரடோவ் ஆலையிலிருந்து புது ட்யூப் வருகிறது; சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ட்யூப்களும் அங்கிருந்துதான். மற்றொரு பெரிய ஆலை ஸ்லோவாக்கியாவின் ஜேஜே. இது தவிரச் சீனா. அட்டைப்பெட்டியில் எத்தனை பெயர் இருந்தாலும் செய்கிற ஆலைகள் சில மட்டுமே. 2022ல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது விலை சட்டென்று ஏறியதும் இதனால்தான். நம் நாட்டிலும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு 1960களிலிருந்து வால்வ் செய்தது. பழைய ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் பிஇஎல் எழுத்து பொறித்த இஎல்84 கிடைத்தால் விடாதீர்கள், சோதித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு

அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய ஆம்ப்பை ஒரு மாற்று பிளக் மட்டும் போட்டு இங்கே சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ப்யூஸ் போகும், இல்லையென்றால் ட்ரான்ஸ்பார்மர் போகும். பின்பலகையில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன்பே படம் கேளுங்கள்.

என் அறிவுரை, வெளிநாட்டிலிருந்துதான் வரப்போகிறது என்றால் பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வாங்கச் சொல்லுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க ஆம்ப்தான் என்றால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். ஹேர் டிரையருக்கு விற்கிற சின்ன எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் உதவாது. இரும்புக் கோர் உள்ள கனமான ட்ரான்ஸ்பார்மராக இருக்க வேண்டும். ஆம்ப்பின் பின்னால் போட்டிருக்கும் மின்செலவு வாட்டைப் போல இரண்டு மடங்கு அளவுள்ளதாக வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்காகவே செய்த ட்ரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்தால் அந்தச் சூடும் குறையும். ஆகவே 120 தருவதைவிட 110 தரும் ஸ்டெப்-டவுன் நல்லது. முதல் சில நாள் அரை மணிக்கொரு தரம் ஆம்ப்பின் பவர் ட்ரான்ஸ்பார்மர் எவ்வளவு சூடாகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

காம்போவைவிட ஹெட்டைக் கொண்டுவருவது எளிது. 12 அங்குல ஸ்பீக்கருக்கு ப்ளைவுட் கேபினெட்டை நம் ஊர் ஆசாரியே அளவு கொடுத்தால் அடித்துத் தருவார். விமானத்தில் வரும் ஆம்ப்பில் ட்யூப்களைக் கழற்றி, எது எந்த இடம் என்று சின்னத் தாளில் எழுதி ஒட்டி, துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். சுங்க வரி எவ்வளவு என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்து விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. ட்யூப் ஆம்ப்புக்கு அது விளையாட்டில்லை.

வாங்கிய பிறகு

வந்த உற்சாகத்தில் எல்லா ட்யூபையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள். அப்போதுதான் எந்த ட்யூப் என்ன செய்கிறது என்று தெரியும். ப்ரீஆம்ப் ட்யூப்களை நீங்களே மாற்றலாம். பவர் ட்யூபில் ஒரு வேறுபாடு உண்டு. வால்வ் ஜூனியர், சாம்பியன் 600 போன்ற கேத்தோடு பயஸ் (ட்யூபுக்கு ஏற்பத் தானே அமைந்துகொள்ளும் பயஸ்) ஆம்ப்களில் அதே வகை ட்யூபை மாட்டி வாசித்துவிடலாம். ஹாட் ராட் டீலக்ஸ் போன்ற ஃபிக்ஸட் பயஸ் ஆம்ப்களில் புது ட்யூபுக்கு ஏற்றபடி பயஸ் வைக்க வேண்டும், டெக்னீஷியனிடம் கொடுங்கள். ப்ளூஸ் ஜூனியரும் ஃபிக்ஸட் பயஸ்தான், ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போது அதைச் சரிசெய்யும் வசதி இல்லை. அதனால் புது ஜோடி போட்ட அன்று விளக்கை அணைத்து அந்தச் சிவப்பு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பவர் ட்யூப் உள்ள ஆம்ப்புக்குப் பொருத்திய ஜோடியாகவே வாங்குங்கள்.

டெக்னீஷியனிடம் கொண்டு போகும்போது "சரிபார்த்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல் நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள்: இருபது நிமிடம் கழித்து வெடிக்கிறது, ரிவெர்ப் திறந்தால் ஹம் கூடுகிறது என்று. அவருக்கு வேலை நேரம் குறையும், உங்களுக்குக் கூலி குறையும். சரியான அளவு ப்யூஸ் இரண்டு கூடுதலாக வாங்கிக் கேபினெட்டுக்குள் ஒட்டி வையுங்கள். வாசித்து முடித்த ஆம்ப்பை உடனே தூக்கி வண்டியில் போடாதீர்கள். பத்து நிமிடம் ஆறட்டும். சூடான ட்யூப் குலுங்கினால் ஆயுள் குறையும். என்ன ட்யூப் போட்டீர்கள், எந்தத் தேதி, பயஸ் அளவு என்ன என்பதை ஒரு டேப்பில் எழுதிக் கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த சர்வீஸில் டெக்னீஷியன் முதலில் தேடுவது அதைத்தான். என்றாவது நீங்கள் விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவரும் அதைத்தான் தேடுவார்.